ரிப்போர்ட்டில் ஒரு வரி போதும், டாக்டர்

ஸ்கேன் மையத்தின் நியூக்ளியர் மெடிசின் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவின் இரண்டு பெட் சிடி படங்களும் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. ஊசி மருந்து சேரும் இடத்தைப் பளிச்சென்று காட்டும் பெட் படமும், உடலின் அமைப்பைக் காட்டும் சிடி படமும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்கேன். முதல் ரிப்போர்ட்டில் வலது நுரையீரலில் பளிச்சென்று ஒரு புள்ளி, புற்றுநோய் பரவியிருக்கலாம் என்ற குறிப்போடு. 12 நாள் கழித்து எடுத்ததில் அந்தப் புள்ளியே இல்லை. இடையில் மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

அந்த 12 நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ரிப்போர்ட் இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. மறுநாள் காலை அம்மா பீரோவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். காலண்டர் தாளைக் கிழித்துப் பெயர் எழுதி, ஒவ்வொரு பட்டுப்புடவை மடிப்பிலும் செருகினார். கல்யாணப் புடவைக்கு மட்டும் சீட்டு இல்லை. "அதை எனக்குக் கட்டிவிட்டுடுங்க" என்றார்.

எங்கள் புற்றுநோய் மருத்துவர்தான், பளிச்சிடும் இடத்தில் சிடி படத்தில் கட்டியே காணோமே என்று சந்தேகப்பட்டு, ஸ்கேனுக்கு ஊசி போட்ட கதையைக் கேட்டார். கீமோவில் நரம்பெல்லாம் சுருங்கிப்போனதால் இரண்டு முறை குத்தியதும், சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறியதும், அதை அப்படியே உள்ளே தள்ளியதும் அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படி ஏறிய ரத்தம் உறைந்து, எஃப்டிஜி என்கிற அந்தக் கதிரியக்கச் சர்க்கரை மருந்தோடு நுரையீரலின் நுண்குழாயில் சிக்கினால் இப்படிப் புள்ளி தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீங்கள் படித்திருப்பீர்கள். மூச்சு அசைவில் பெட் படமும் சிடி படமும் பொருந்தாமல், கல்லீரலின் உச்சியில் இருக்கும் புள்ளி நுரையீரல் அடியில் இருப்பதுபோலத் தெரியும் என்பதையும்தான்.

நான் கேட்பது ஒரே வரி: "சிடியில் இங்கே எதுவும் இல்லை, ஊசியால் வந்த பொய்த்தோற்றமாகவும் இருக்கலாம்." அவ்வளவுதான். இந்த வரி இருந்திருந்தால் பீரோ திறந்திருக்காது.

உங்கள் வரவேற்பறையில் காபி மெஷின் இருக்கிறது, ஏசி ஜில்லென்று இருக்கிறது, பில்லில் ஒரு ரூபாய்கூடத் தப்புவதில்லை. புள்ளி காணாமல் போனதைப் பார்க்கவும் முழுக் கட்டணம் கட்டினோம். சரி, எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

ஊசி போடும்போது சிக்கல் வந்தால் டெக்னீஷியன் குறித்துவைக்கட்டும். ரிப்போர்ட் எழுதுபவர் அதைப் பார்த்து அந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும். மூன்று மாதத்தில் அம்மாவை மறுபடி அங்கேதான் கூட்டிவர வேண்டும். அதற்குள் பதில் எழுதினால் நன்றியோடு இருப்பேன். புடவைகளில் இருக்கும் சீட்டுகளை அம்மா இன்னும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு மகன்