செ.மீ. போதாது, மி.மீ. பழக்குங்கள்

ஆசிரியருக்கு,

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும் ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீசிட்டி தொழில்நகருக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது அளவெடுப்பதில்தான். பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறையில் வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ., அதாவது 0.1 மி.மீ. ஆலை வரைபடத்தில் 20 ± 0.05 மி.மீ. என்றிருந்தால் 19.95 முதல் 20.05 வரைதான் செல்லும். பள்ளி வெர்னியர் இதற்கு உதவாது, 0.01 மி.மீ. காட்டும் திருகு அளவி அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறது! அதன் அளக்கும் முகங்களைத் துடைத்து, சுழிப்பிழை (எதையும் வைக்காமல் மூடும்போதே சுழிக்குப் பதில் காட்டும் அளவு) பார்த்து, மூன்று இடங்களில் அளக்கப் பழக்கலாம். சுழிப்பிழையை விட்டுவிட்டால் நல்ல பாகமும் கழிவுக்குப் போகும்.

இன்னொன்று: ஆதாரில் தந்தை பெயர் முழுதாக, மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் மட்டும். வேலைக்குச் சேரும்போது சிக்குவது இங்கேதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன்பே பள்ளிகள் அதிலுள்ள பெயரையும் ஆதாரையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

– தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் சிலர், கும்மிடிப்பூண்டி