மௌன அஞ்சலிக்கு எழுந்தபோது

ஓய்வூதியர் சங்கத்தின் நம் வட்டக் கிளைத் தலைவர், செயலாளர், பொருளாளர், தோழர்கள் அனைவருக்கும் வணக்கம். விழாமல் நடமாட நமக்கு வாரம் ஒரு நாள் பயிற்சி வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன மாதக் கூட்டமும் வழக்கம்போல இரங்கல் தீர்மானத்தில்தான் தொடங்கியது. செயலாளர் மூன்று பெயர்களை வாசித்தார். மௌன அஞ்சலிக்கு எழுந்தோம். நான் 33 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். தலை குனிந்து நின்றாலும் என் கண் மற்றவர்கள் காலைத்தான் பார்க்கும். அன்று 41 பேர் வந்திருந்தோம். நாற்காலியின் கையை ஊன்றாமல் எழுந்தவர்கள் 17 பேர். இரண்டு பேர் எழவே இல்லை. மீதிப் பேர் ஊன்றி, ஆடி, ஒரு வழியாக நிமிர்ந்தார்கள். நான்கைந்து பேர் அந்த இரண்டு நிமிஷமும் முன் நாற்காலியின் முதுகை விடவில்லை. நீங்கள் எல்லாம் இறந்தவர்களை நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நான், மன்னிக்கவும், அடுத்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அகவிலைப்படி, 70 வயதில் 10 சதவீதக் கூடுதல் ஓய்வூதியம் கேட்கும் நம் கோரிக்கை, மாதம் 300 ரூபாய் மருத்துவப் படி, காப்பீட்டு அட்டையைக் காட்டியும் முன்பணம் கேட்கிற மருத்துவமனை என்று பேச்சு போனது. ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. தர்ணாவில் உங்களோடு வெயிலில் உட்கார்ந்தவன்தான் நானும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம்மில் ஒருவர் இறந்தால் குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாய்க்கான படிவத்தோடு பொருளாளர் பத்தாம் நாளே வீட்டு வாசலில் நிற்கிறார். நல்ல காரியம். அதே மனிதர் உயிரோடு இருந்து மூன்று மாதம் கூட்டத்துக்கு வராவிட்டால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் என்று விதி இருக்கிறது. அந்த 80 வரை நடமாட்டத்தோடு போய்ச் சேர என்ன வழி என்று நாம் பேசியதே இல்லை.

அன்று வாசித்த மூன்று பெயர்களில் ஒன்று என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த கணக்கு வாத்தியாருடையது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். ஒரு ராத்திரி பாத்ரூம் போனவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, காப்பீட்டுப் பணமும் வந்தது. ஆனால் மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில் நடக்கவில்லை. நடக்காததால் தொடைச் சதை வற்றியது, வற்றியதால் கால் நடுங்கியது, நடுக்கத்தைப் பார்த்துப் பயம் இன்னும் கூடியது. கட்டிலை ஹாலுக்கு மாற்றினார்கள். 14 மாதம் டிவிதான் துணை. மரணச் சான்றிதழில் வேறென்னவோ நோய் எழுதியிருந்தது. என் கணக்கில் அவரைக் கொண்டுபோனது அந்த பாத்ரூம்தான்.

இது அவருக்கு மட்டும் வந்த விதி இல்லை. விபத்துக் காயங்களால் உலகத்தில் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுவதற்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 65 தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதோடு வாரத்தில் மூன்று நாளாவது தசை பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதியை நம் டாக்டர்கள்கூட அழுத்திச் சொல்வதில்லை. "தினமும் வாக்கிங் போறேன் சார்" என்று பெருமையாகச் சொல்கிறவர்தான் செருப்பு மாட்ட ஒரு காலைத் தூக்கும்போது சுவரைத் தேடுகிறார். நம் தலைமுறைக்குக் குந்தி உட்கார்ந்து எழுவதே பெரிய பயிற்சியாக இருந்தது. வீட்டுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வந்ததும் அதுவும் போயிற்று. மூட்டு வலிக்கு அது வேண்டியதுதான், நானும் வைத்திருக்கிறேன். போன பயிற்சிக்குப் பதில் ஒன்று வேண்டாமா?

அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. நல்ல திட்டம், நாற்பது வயதுக்காரருக்கு. நமக்கு 8 கிலோமீட்டர் வேண்டாம், 3 மீட்டர் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அதற்கு 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு ஒரு நாற்காலியும் கைக்கடிகாரமும் போதும். நான் கேட்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், நம் சங்கக் கட்டடம். நாற்காலியை நகராதபடி சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணுவது. கயிற்றின்மேல் நடப்பதுபோல் குதிகாலை மறு பாதத்தின் விரல் தொட வைத்து நடப்பது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. மற்ற இரண்டு நாள் அவரவர் வீட்டில். இதய நோய் உள்ளவர்களும் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் மாதம் ஒரு முறை ஒரு செவிலியரை அனுப்பக்கூடும். அவர் பிரஷரை உட்காரவைத்து மட்டும் பார்க்காமல், எழுந்து நின்ற பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 குறைந்தால் அதுதான் விடியற்காலைத் தலைசுற்றலுக்குக் காரணமாக இருக்கலாம்; மாத்திரையை டாக்டர் மாற்றித் தருவார்.

ஒரே நிபந்தனை: சிறப்பு விருந்தினர் வேண்டாம். நம் கடைசி மருத்துவ முகாமில் பொன்னாடை போர்த்த ஒரு மணி நேரம் ஆனது, பிரஷர் பார்க்க இருபது நிமிஷம்.

நேரத்தைப் பற்றி ஒன்று. சனிக்கிழமை காலை ஒன்பதரை என்றுதான் முதலில் எழுதினேன். என் மனைவி படித்துவிட்டு, "ஒன்பதரைக்கு நானும் வந்தால் இட்லி யார் ஊற்றுவது?" என்றாள். ஓய்வு நமக்குத்தான் வந்தது, அடுப்படிக்கு வரவில்லை. நம் பதிவேட்டில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஓய்வூதியத்துக்காக உயிரோடிருப்பதைக் காட்டும் வருடாந்திர நேர்காணலுக்கு மட்டும் வெளியே வருகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்வது அவர்களுக்குத்தான். அதனால் புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணி என்று மாற்றியிருக்கிறேன். அவர்களுக்குத் தனி அழைப்பு போக வேண்டும்.

"சங்கம் என்ன ஜிம்மா நடத்துகிறது?" என்று தலைவர் போனில் கேட்டார். சரி, ஜிம் வேண்டாம். ஜப்பானில் தகெடோயோ என்ற சிறு நகரத்தில் 2007-ல் முதியவர்கள் கூடுவதற்கென்று மூன்று இடங்கள் திறந்தார்கள். நடத்தியவர்கள் ஊர்த் தொண்டர்கள். விளையாட்டு, கைவேலை, அரட்டை, அவ்வளவுதான். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், வந்தவர்கள் பிறர் பராமரிப்பை நம்பி வாழும் நிலைக்குப் போவது, வராதவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது. ஆகவே பயிற்சி முடிந்து டீயும் வெட்டிப் பேச்சும் கட்டாயம் உண்டு. அதில் அரசியல் பேசினாலும் நான் தடுக்க மாட்டேன்.

வராதவர்கள் வீட்டுக்கு இருவர் இருவராகப் போய் வருவதும் இதில் சேர்த்தி. சந்தாப் பதிவேட்டைப் பார்த்தால் யார் நின்றுபோனார்கள் என்று தெரிந்துவிடும். போன வாரம் நானே ஒருவரைப் பார்க்கப் போனேன். ஏதோ கோபத்தில் வராமல் இருக்கிறார் என்று நாம் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். "மைக்குல சத்தம் கேட்குது, பேச்சு கேட்கலை. எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிச்சுக்கிட்டு எத்தனை நாள் உட்கார்றது?" என்றார். காதுக் கருவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை மைக் இல்லாத, இருபது பேர் வட்டமாக உட்காரும் இடத்துக்கு அவர் வருவார்.

செலவு என்று பார்த்தால் டீக்கும் கை இல்லாத உறுதியான நாற்காலிகள் பத்துக்கும்தான். நாற்காலிக்கு என் அகவிலைப்படி நிலுவை வந்ததும் தருகிறேன் (அது வரும்வரை வாடகைக்கு எடுப்போம்). மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு தீர்மானம் போடுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் அந்த 3 மீட்டர் நடையை எல்லோருக்கும் அளந்து பொதுக்குழுவில் வைக்கிறேன். தேறவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

கட்டடத்துச் சாவி பொருளாளரிடம் இருக்கிறது. வருகிற புதன்கிழமை மூன்றரை மணிக்கே வாசலில் நிற்பேன். விசில் கொண்டு வரமாட்டேன்.

தோழமையுடன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்