பாப்பாவுக்கு, மொரீஷியஸ் சந்தையிலிருந்து

அன்புள்ள பாப்பா,

அம்மா எழுதுகிறேன். இங்கே திங்கட்கிழமை காலை ஆறு மணி. டொரோண்டோவில் உனக்கு ஞாயிறு இரவு ஒன்பது. குட்டியைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருப்பாய். அப்பா கடலோரமாக நடக்கப் போயிருக்கிறார். பெட்டி கட்டி முடித்துவிட்டேன். கார் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

நேற்று போனில், "அவ்வளவு செலவு பண்ணித் தீவுக்கு அனுப்பினா, ரெண்டு நாளும் காய்கறி மார்க்கெட்டிலேயே சுத்திட்டு வந்திருக்கீங்களேம்மா" என்றாய். கோபமாக இல்லை, ஆதங்கமாகத்தான் கேட்டாய். அதற்குள் குட்டி அழுதாள், நீ வைத்துவிட்டாய். போனில் சொல்லியிருந்தாலும் எனக்குச் சரியாக வந்திருக்காது.

கடல் அழகுதான். பெல் மார் கடற்கரையில் தூரத்திலேயே பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுகிறது. அதனால் கரையில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கிறது. நம் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடல் போல இரைச்சல் கிடையாது. அப்பா முதல் நாளே முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றுவிட்டார். ஆனால் உனக்குத்தான் தெரியுமே, முப்பது வருஷமாகத் திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டில் காய் வாங்கினவள் நான். ஒரு ஊருக்குப் போனால் அங்கே என்ன காய்க்கிறது, என்ன சமைக்கிறார்கள் என்று பார்க்காமல் திரும்ப எனக்கு மனசு வராது.

சனிக்கிழமை போர்ட் லூயிஸ் போனோம். தலைநகரம். துறைமுகத்துக்கு எதிரே நடுமார்க்கெட். விக்டோரியா ராணியின் பெயரெழுத்து வார்த்த பெரிய இரும்புக் கதவு வழியாக உள்ளே போக வேண்டும். கீழ்த்தளம் முழுக்கக் காயும் பழமும் கீரையும். மாடியில் துணி, பை, பொம்மைக் கப்பல், டோடோ பறவை போட்ட பனியன். மாடியில் ஒரு சுற்றுதான் சுற்றினேன். அங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விலை, பேரம் பேசினால் இன்னொரு விலை. கீழே அப்படி இல்லை. அட்டையில் எழுதி வைத்திருக்கும் விலைதான் எல்லோருக்கும், அதுவும் அரைக்கிலோ கணக்கில். முதலில் அது புரியாமல், கிலோ விலை என்று நினைத்து "பரவாயில்லையே, மலிவுதான்" என்று நான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்னாசியை ஒருவர் சுருள்சுருளாகச் செதுக்கி, காம்பைக் கைப்பிடியாக விட்டு, உப்பும் மிளகாயும் தூவிக் கொடுத்தார். சின்னப் பழம், கையளவுதான் இருக்கும். அவ்வளவு இனிப்பு. கேரளத்து வாழக்குளத்திலிருந்து நம்மூருக்கு லாரியில் வருகிற அன்னாசிக்கே மொரீஷியஸ் ரகம் என்றுதான் பெயர் என்று அப்பா சொன்னார். உனக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுப்பேனே மோரீஸ் பழம், அந்தப் பெயரும் இந்தத் தீவின் பெயர்தானாம். இத்தனை வருஷம் சீப்புச் சீப்பாக வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை.

மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆப்ரவாசி காட் இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தவர்களை இறக்கிய இடம். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்கள். கல்கத்தாவிலிருந்து நிறையப் பேர், நம் மதராஸ் துறைமுகத்திலிருந்தும் நிறையப் பேர். 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கருங்கல்லில் கொஞ்சம் படிகள்தான். அதில் ஏறித்தான் தீவுக்குள் போனார்களாம். நடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன், வெயிலும் ஒரு காரணம். அவர்களுக்கும் முன்னாலேயே, 1730-களில் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரைக் கட்டும்போது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தச்சரும் கொத்தனாரும் வந்திருக்கிறார்கள். புதுச்சேரி என்றால் நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் இருக்குமா?

ஆனால் நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பற்றி.

ஃபிளாக் என்ற ஊர் எங்கள் ஹோட்டலுக்குப் பக்கம். புதனும் ஞாயிறும் அங்கே சந்தை. திறந்தவெளிச் சந்தைகளில் இந்தத் தீவிலேயே அதுதான் பெரிது என்கிறார்கள். ஏழு மணிக்கே போய்விட்டோம். ஒரு பக்கம் துணிமணி, ஒரு பக்கம் காய்கறி. பூசணிக்கீற்று, பாகற்காய், புடலங்காய், கட்டுக்கட்டாகக் கீரை. தைப்பூசம் நெருங்குவதால் சாமந்தியும் எலுமிச்சம்பழமும் குவியல் குவியலாக. இங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, தெரியுமா? காவடிக்கு விரதம் இருந்து, முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பிடுவார்களாம்.

ஒரு கீரைக்கடையில் என் வயசுக்கார அம்மா ஒருவர். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிச்சங்கிலி. நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவரும் கைகூப்பி வணக்கம் என்றார். அதற்கு மேல் தமிழ் இல்லை. அவர் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சு மொழி. எனக்குத் தெரிந்தது நாலு வார்த்தை ஆங்கிலம். "கொரியாண்டர்" என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. கையால் இலை மாதிரி காட்டினேன், கிள்ளிப் போடுகிற மாதிரி காட்டினேன். ஏதோ ஒரு கீரையை எடுத்து நீட்டினார். நான் அப்பா பக்கம் திரும்பி, "கொத்தமல்லியை இவங்களுக்கு எப்படிங்க சொல்றது?" என்றேன்.

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து, "கோத்தோமிலி?" என்றார். பின்னாலிருந்த தொட்டியிலிருந்து ஒரு கட்டு கொத்தமல்லியை எடுத்து என் கையில் வைத்தார். "கோத்தோமிலி!"

பாப்பா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் "கொத்தமல்லி" என்றேன், அவர் "கோத்தோமிலி" என்றார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தோம். இந்தத் தீவில் சீனர், முஸ்லிம், ஆப்பிரிக்க வழியினர் எல்லோருமே இதற்கு அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்களாம்.

அதற்குப் பிறகு காய் வாங்குவதை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பெயர் கேட்க ஆரம்பித்தேன். கறிவேப்பிலையைக் காட்டினால் "காரிப்புலே". முருங்கைக்கீரை, "ப்ரெட் மூரூம்". ப்ரெட் என்றால் கீரை, மூரூம்தான் நம் முருங்கை. பீர்க்கங்காயை "பிப்பாங்காய்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார், கடைசியில் அந்தக் காய் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சௌசௌவை எடுத்தேன், அவர் "ஷூஷூ" என்றார். தண்டுக்கீரைக்கு "ப்ரெட் மலபார்". மலபார் என்றால் யார் என்று அப்பா கேட்டார். அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முன்காலத்தில் நம் பக்கத்திலிருந்து வந்தவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் அழைத்திருக்கிறார்கள். நம் கீரைக்கு நம் பேரையே வைத்துவிட்டார்கள்.

ரசம் வைப்பீர்களா என்றேன். "ரஸோன்!" என்று சொல்லி, மிளகு இடிக்கிற மாதிரி கையால் காட்டினார். புட்டுக்கு "பூத்தூ".

தோட்டத்தில் போஜ்புரி பேசுகிறவர்களோடு வேலை, முதலாளியோடு பிரெஞ்சு, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் கிரியோல். இவற்றுக்கு நடுவே மூன்றாம் தலைமுறையில் தமிழ்ப் பேச்சு போயிருக்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அடுப்பங்கரையில் சொன்ன சொல் போகவில்லை. பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தியா அதைக் காப்பாற்றியிருப்பார்கள்? விடிந்தால் தோட்டம், இருட்டினால் வீடு. "கொத்தமல்லி எடுத்துட்டு வா, கறிவேப்பிலை கிள்ளிட்டு வா" என்று பிள்ளையை ஏவியிருப்பாள் ஒருத்தி, அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் பேத்தி கூட உட்கார்ந்திருந்தாள். எட்டு ஒன்பது வயசிருக்கும். இங்கே பள்ளியில் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம், அவள் எடுத்திருக்கிறாளாம். நான் நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். அதில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற நம் வழிவந்த தலைவரின் படம் இருக்கிறது, தமிழ் எழுத்தும் இருக்கிறது. அவள் நோட்டைத் திருப்பி, விரல் வைத்து, "நூ... று" என்று எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். பாட்டிக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

1998-இல் புது நோட்டு அடிக்கும்போது, முன்பு இந்திக்கு மேலே இருந்த தமிழைக் கீழே இறக்கிவிட்டார்களாம். பேசத் தெரியாத இந்த ஜனங்கள்தான் போராடி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னது எங்கள் கார் ஓட்டுநர். அவருக்கும் தமிழ் வராது, பெயர் மட்டும் முருகன் பெயர்.

பாப்பா, பொங்கலன்று நான் போனில் சொன்னதை நினைத்துக்கொண்டேதான் அந்தச் சந்தையில் நின்றேன். "குட்டிக்குப் பாட்டின்னு கூப்பிடக்கூட வரலை, நீயெல்லாம் என்ன தாய்" என்று கேட்டுவிட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு, பனியில் ரயில் பிடித்து, ஆறு மணிக்குத் திரும்பி வருகிறவளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மூன்று வாரமாக அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மனசில் வைத்துக்கொள்ளாதே. அம்மா தப்பாகப் பேசிவிட்டேன்.

நீ பாடமெல்லாம் நடத்த வேண்டாம். சனி ஞாயிறு காய் நறுக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். கொத்தமல்லி ஆயட்டும், வெண்டைக்காயை எண்ணட்டும். பெயர் மட்டும் நம் பெயராகச் சொல். கோத்தோமிலி என்று சொன்னால்கூட எனக்குச் சந்தோஷம்தான்.

நீங்கள் எப்போதாவது இங்கே வந்தால் சனிக்கிழமை போர்ட் லூயிஸ், ஞாயிறு ஃபிளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும், பிறகு வெயில் தாங்காது. மாப்பிள்ளைக்குச் சட்டை துணி வேண்டுமென்றால் காத்ர் போர்னில் வியாழனும் ஞாயிறும் துணிச்சந்தை உண்டாம், நாங்கள் போகவில்லை. பை கொண்டு போங்கள். 2016-இலிருந்து இங்கே பிளாஸ்டிக் பை தடை. நான் நம் மஞ்சப்பையைத்தான் கொண்டுபோனேன். சந்தையில் கட்டாயம் தோல் பூரி சாப்பிட வேண்டும். வேகவைத்த பருப்பை அரைத்து உள்ளே வைத்து மெல்லிசாகத் தேய்த்த ரொட்டி, நம் போளியிலிருந்து வெல்லத்தை எடுத்துவிட்ட மாதிரி. மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு, ஊறுகாய் எல்லாம் தடவி இரண்டிரண்டாகச் சுருட்டித் தருவார்கள். அப்பா நான்கு சாப்பிட்டார். மிளகாய் வடை மாதிரி ஒன்று, "காத்தோ பிமான்", நம் மசால்வடையேதான், அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆலூதா என்று ஒரு பால், சப்ஜா விதையும் கடற்பாசியும் போட்டது. அது எனக்கு ரொம்ப இனிப்பு. குட்டிக்குப் பிடிக்கும்.

இன்று இரவுதான் விமானம். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மாயேபூர் என்ற ஊரில் திங்கட்கிழமைச் சந்தை. பெட்டியைக் காரில் வைத்துவிட்டு அதையும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று அப்பாதான் சொன்னார், நான் சொல்லவில்லை.

குட்டிக்கு ஒரு கூடை வாங்கியிருக்கிறேன். இங்கே சந்தைக்கு எடுத்துப் போகிற கூடை, தாழை ஓலையில் முடைந்தது. அவள் கைக்குத் தகுந்த அளவில் தேடி எடுத்தேன். ஜூனில் வரும்போது கொடுக்கிறேன், அவளிடம் இப்போது சொல்லாதே. மார்க்கெட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நானும் அவளும் மட்டும். ரசப்பொடி தீர்ந்துவிட்டது என்றாயே, ஊருக்குப் போனதும் மிளகாய் காய வைத்து அரைத்து அனுப்புகிறேன். இந்தத் தடவை மிளகு கொஞ்சம் கூட்டிப் போடுகிறேன்.

அப்பா வந்துவிட்டார். கால் முழுக்க மணல்.

அன்புடன்,
அம்மா