படகு ஒட்டு ஏன் இன்னும் கையில் ஒட்டுகிறது

கடலூர் முதுநகர்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அரியாங்குப்பத்தில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான், கெடிலத்தில் தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. பேப்பரைத் தானே எடுத்துப் படிக்கிறார்கள், உன்னையும் விசாரித்தார்கள். சின்னவளுக்குத் தை மாதம் பிரசவம். மற்றதெல்லாம் நேரில் பேசுவோம்.

சரி, படகு விஷயம். அடியில் போட்ட ஃபைபர் ஒட்டு சில நாளாகியும் பிசுபிசுவென்றே இருக்கிறது, மேலே இன்னும் கொஞ்சம் கேட்டலிஸ்ட், அதாவது ரெசின் பிசினை இறுகவைக்கும் மருந்து, தடவட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து தடவாதே. கேட்டலிஸ்ட் ரெசினுக்குள் கலந்திருந்தால்தான் வேலை செய்யும், மேலே தடவினால் உள்ளே போகாது. தோலையும் கண்ணையும் புண்ணாக்குவதுதான் மிச்சம்.

முதலில் கட்டைவிரல் நகத்தை ஒட்டின் நடுவில் வைத்து நன்றாக அழுத்திப் பார். மேலே பிசுபிசுத்தாலும் அடியில் கல் மாதிரி இருந்து நகம் பதியவில்லை என்றால் உன் ஒட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நகம் பதிந்து ரப்பர் போல அமுங்கினால், ரெசின் வாடையும் குறையாமல் இருந்தால், அது வேறு வியாதி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் நல்ல ஒட்டைச் சுரண்டி எறிகிறார்கள், கெட்டதன் மேல் பெயின்ட் அடித்துக் கடலில் இறக்குகிறார்கள்.

முதல் வகை ஏன் வருகிறது என்று சொல்கிறேன். பெயின்டில் தின்னர் பறந்துபோய்க் காய்கிறது. பாலியெஸ்டர் ரெசின் அப்படிக் காய்வதில்லை. அதிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவமும் பாலியெஸ்டரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகின்றன. கேட்டலிஸ்ட் அதைத் தொடங்கிவைக்கிறது, கோபால்ட் அதைச் சாதாரண வெப்பத்திலேயே நடக்கவைக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்தோலில் மட்டும் இந்தப் பின்னலைத் தடுத்துவிடும். மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, வைத்து அடுக்கடுக்காகப் போடும் ரெசினில் வேண்டுமென்றே மெழுகு சேர்ப்பதில்லை. அந்தப் பிசுபிசுப்பு இருந்தால்தான் அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிக்கும். கடைசி அடுக்குக்கு மட்டும் ஸ்டைரீனில் கரைத்த மெழுகைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரெசின் இறுகும்போது மெழுகு மேலே வந்து படலமாகிக் காற்றை அடைத்துவிடும். மெழுகு கிடைக்காவிட்டால் ஈரமாக இருக்கும்போதே மைலார் என்ற பிளாஸ்டிக் ஷீட்டைக் குமிழி இல்லாமல் படியவைத்து, இறுகியதும் உரித்துவிடு. உன்னுடையது இந்த வகை என்றால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய், போதும்.

இரண்டாவது வகைக்கு அளவுதான் பெரும்பாலும் காரணம். ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 கிராம், அதாவது 1 முதல் 2 சதவீதம். மூடியால் ஊற்றாதே, மருந்துக்கடை சிரிஞ்சில் எடு. 1 சதவீதத்துக்குக் கீழே போனால் என்றைக்கும் முழுதாக இறுகாது. அதிகம் ஊற்றினாலும் கெடுதல்தான்: சட்டென்று சூடேறி இறுகும், ஆனால் உள்ளே பலம் இருக்காது, வெடிப்பு விடும். கலந்த ரெசினைப் பக்கெட்டில் ஆழமாக வைத்திருக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனே மேட்டில் பரப்பு. கப்பில் கிடக்கும் ரெசின் தன் சூட்டிலேயே வேகமாக இறுகிவிடும், அதே கலவை மேட்டில் மெல்லியதாகப் படிந்தால் மெதுவாகத்தான் இறுகும். அதனால் கப்பைப் பார்த்து ஒட்டை எடை போடாதே.

கலக்கும் வரிசையில் மட்டும் கவனம் தப்பவே கூடாது. முதலில் ஆக்சிலரேட்டர், அதாவது அந்த ஊதா நிறக் கோபால்ட், ரெசினில் போய் நன்றாகக் கலந்து ரெசின் இளஞ்சிவப்பாக வேண்டும். அதற்கப்புறம்தான் தண்ணீர் போன்ற கேட்டலிஸ்ட். அது கலந்ததும் நிறம் பழுப்பும் பச்சையுமாக மாறும், கண்ணால் பார்க்கலாம். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்ச் வேண்டாம், இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியிலும் வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறக்காதே. ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போய்விடும் அபாயம் இருக்கிறது. பட்டால் அந்த நொடியே தண்ணீரில் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இப்போது மழைக்காலம் என்பதால் ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் பட்டால் கோபால்ட்டின் வேலை கெடும். உன் படகு கடலில் கிடந்தது, விரிசலுக்குள் உப்புத்தண்ணீர் ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, ஷெட்டுக்குள் நாள்கணக்கில் காயவைத்து, விரிசலைச் சுற்றிச் சரிவாகக் கிரைண்டர் பிடித்த பிறகுதான் மேட் வைக்க வேண்டும். மேட்டையும் பாலிதீன் பையில் சுற்றி வை. ஷெட்டில் சும்மா கிடக்கும் மேட் இந்தக் காற்றில் ஈரம் இழுத்துவிடும். அசிட்டோனில் கழுவிய பிரஷை முழுதும் உலரவிட்டு எடு. சாயங்காலம் வேலை ஆரம்பிக்காதே, இறுகும் முன்பே பனி படியும். காலையில் தரை காய்ந்த பிறகு, நிழலில் போடு. இறுகியபின் வெயிலில் நகர்த்தினால் நல்லது, மிச்ச மீதியும் கெட்டிப்படும். இறுகும் முன்பே வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ வைத்தால் ஸ்டைரீன் பறந்து மேல்தோல் கெடும்.

2004 சுனாமிக்கு அப்புறம் தேவனாம்பட்டினத்திலிருந்து உங்கள் வீராம்பட்டினம் வரை கரையெல்லாம் ஃபைபர் படகாகிவிட்டது. கரையில் ஒட்டுப் போடுகிறவர்களிடம் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார், ரோலரால் காற்றுக் குமிழை எப்படித் தள்ளி வெளியேற்றுகிறார்கள் என்று கை பழகிவிடும்.

கடைக்காரர் எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினை வாங்கச் சொன்னாராமே. நல்ல பொருள்தான், பழைய ஃபைபரின் மேல் பாலியெஸ்டர் ரெசினைவிடப் பிடிப்பும் அதிகம். ஆனால் அதை இறுகவைக்கும் ஹார்டனரின் விகிதம் டப்பாவில் போட்டிருப்பதுதான். வேகத்துக்காகக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. எபாக்ஸி போட்ட இடத்தின் மேல் பின்னால் பாலியெஸ்டர் ரெசின் போட்டால் சரியாகப் பிடிக்காது, அதையும் யோசித்து வாங்கு.

நகம் பதிகிறதா இல்லையா என்று உடனே எழுது. பதிந்தால் அந்த ஒட்டைச் சுரண்டாமல் ஒரு வெயில் நாள் காத்திரு. அதற்கப்புறமும் ரப்பராகவே இருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிரைண்டரோடு பஸ் ஏறுகிறேன், நீ சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு மீட்டர் வாங்கி வை.

அன்புடன்,
உன் நண்பன்