45 டாலர் அறையும் 102 டாலர் பில்லும்

அன்புள்ள கயலுக்கு,

டிசம்பரில் பரீட்சை முடிந்ததும் நாலு பேரும் லாஸ் வேகாஸ் போகப் போவதாகவும், "அறை 45 டாலர்தாம்ப்பா" என்றும் அனுப்பியிருந்தாய். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போட்டால் ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டுவிடுவேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அமெரிக்கா டூர் போட்டுக் கொடுக்கிறவன் மகளுக்கு ஒரு கடிதம் எழுத மாட்டேனா?

முதலில் அந்த 45 டாலரைப் பார்த்துவிடுவோம். ஸ்ட்ரிப் என்பது பெரிய சூதாட்ட ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் முக்கியச் சாலை. அங்கே இருக்கும் ஏறக்குறைய எல்லா ஹோட்டலும் அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் ஃபீ என்று ஒன்று வாங்கும். ஒரு இரவுக்கு 35 முதல் 55 டாலர் வரை. வைஃபை, ஜிம், நீச்சல் குளம் எல்லாம் அதில் அடக்கம் என்பார்கள். நீ குளத்துப் பக்கமே போகாவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். இந்த இரண்டையும் கூட்டி அதன் தலையில் 13.38 சதவீதம் அறை வரி. 45 வாடகை, 45 ரிசார்ட் ஃபீ, ஆக 90. வரி சேர்ந்தால் 102. 2025 மே மாதத்திலிருந்து கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு விதி வந்துவிட்டது. ஆனாலும் வரி கடைசிப் பக்கத்தில்தான் ஏறும். அதனால் "பே" பட்டனுக்கு முந்தின பக்கத்தில் இருக்கும் மொத்தத் தொகையை வைத்து மட்டும் ஹோட்டல்களை ஒப்பிடு. வாடகை 30 என்று காட்டும் ஹோட்டலைவிட 50 காட்டும் ஹோட்டல் மொத்தத்தில் மலிவாக இருப்பது அங்கே சாதாரணம்.

நாலு பேர் ஒரே அறை என்றால் இரண்டு குயின் கட்டில் உள்ள அறையாகப் போடு. ஆள் எண்ணிக்கையை மறைக்காதே. சில ஹோட்டல்களில் இரண்டு பேருக்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று தினமும் கூடுதல் உண்டு; அதுவும் மொத்தத்தில் தெரிந்துவிட வேண்டும். செக்-இன் செய்யும்போது, உடைத்தால் கொட்டினால் என்று கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டைக் கொடு. டெபிட் கார்டைக் கொடுத்தால் அக்கவுண்டில் இருக்கும் பணமே முடங்கும். அறையைக் காலி செய்த பிறகும் அது திரும்பச் சில நாள் ஆகும். மாணவர் அக்கவுண்டில் 300 டாலர் முடங்கினால் மற்றதற்கு என்ன செய்வாய்?

தேதி விஷயத்தில் உனக்கு அதிர்ஷ்டம். டிசம்பர் தொடக்கத்தில் அங்கே பெரிய ரோடியோ (குதிரை, காளை அடக்கும்) போட்டி நடக்கும், ஊர் நிரம்பி வழியும். அது முடிந்த மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின சில நாள் வரை ஆண்டிலேயே அறை மலிவாகக் கிடைக்கும் காலங்களில் ஒன்று. ஞாயிறு போய் புதன் கிளம்பு. வெள்ளி, சனி இரவுக்கு அதே அறை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். புத்தாண்டு இரவையும் ஜனவரி முதல் வாரம் வரும் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சியையும் கிட்டவே சேர்க்காதே.

எந்த இடத்தில் தங்குவது? ஃப்ரீமான்ட் தெரு இருக்கும் டவுன்டவுனில் வாடகை குறைவுதான். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் பார்க்க நினைப்பதெல்லாம் ஸ்ட்ரிப்பின் நடுவில் இருக்கிறது. ஃபிளமிங்கோ, லிங்க், ஹாராஸ் பக்கம் கிடைத்தால் எடு. தெற்கு முனையில் எக்ஸ்காலிபரும் லக்ஸரும் இன்னும் மலிவு, நடை கூடும். அங்கே கட்டடங்கள் எல்லாம் ராட்சத அளவு. "இதோ பக்கத்தில்" என்று கண்ணுக்குத் தெரிகிற ஹோட்டலுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் பிடிக்கும். சாலையை நேராகக் கடக்க முடியாது, மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும், பாலம் கொண்டுபோய் விடுவது சூதாட்டக் கூடத்தின் வாசலாக இருக்கும். தெற்கே மாண்டலே பே முதல் வடக்கே ஸ்ட்ராட் கோபுரம் வரை நாலு மைலுக்கு மேல். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதே.

நடக்க முடியாத தூரத்துக்கு டியூஸ் என்ற மாடி பஸ். 24 மணி நேரமும் ஸ்ட்ரிப்பில் ஓடும், ஃப்ரீமான்ட் வரை போகும். 24 மணி நேரப் பாஸ் 8 டாலர், மூன்று நாள் பாஸ் 20. மாலையில் ஸ்ட்ரிப் நெரிசலில் பஸ்ஸும் ஊர்ந்துதான் வரும். ஃப்ரீமான்ட் போவதென்றால் ஒரு மணி நேரம் ஒதுக்கு. மோனோரயில் என்று ஒன்று உண்டு, எம்ஜிஎம் கிராண்டிலிருந்து சஹாரா வரை. நெரிசலில் மாட்டாது. ஆனால் நிலையங்கள் ஹோட்டல்களின் முதுகுப் பக்கம் இருப்பதால் நிலையத்துக்கு நடப்பதே ஒரு பயணம். காசில்லாமல் ஓடும் டிராம் இரண்டு: மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்காலிபர் இடையே ஒன்று, பார்க் எம்ஜிஎம், ஏரியா, பெலாஜியோ இடையே ஒன்று. விமான நிலையத்துக்கு மோனோரயிலும் வராது, டிராமும் வராது. டாக்ஸியில் ஸ்ட்ரிப் ஹோட்டல்களுக்கு வட்டாரவாரியாக நிலையான கட்டணம் உண்டு. ஏறும் முன்பே "ஃபிளாட் ரேட்" என்று கேட்டுக்கொள். விமான நிலையத்தில் ஊபர் பார்க்கிங் கட்டடத்துக்குள்தான் ஏற்றும், வாசலில் தேடி நிற்காதே. நாலு பேர் பங்கு போட்டால் இரண்டும் பஸ் காசுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஃபிளைட் டிக்கெட் பற்றி ஒரு வரி: பட்ஜெட் விமானத்தில் சீட்டுக்கடியில் போகும் பை மட்டும்தான் இலவசம். நாலு நாளுக்கு ஒரு முதுகுப் பை போதும்.

இனி சூதாட்டம். அதை ஆடாதே என்று எழுத வரவில்லை. 23 வயது உனக்கு. ஆனால் என்ன விலை கொடுக்கிறாய் என்று தெரிந்து ஆடு.

"பென்னி ஸ்லாட்" என்று எழுதியிருக்கும் மெஷினில் ஒரு சென்ட் போட்டு ஆட முடியாது. ஒரு அமுக்குக்குக் குறைந்தது 50, 75, 88 சென்ட் என்றிருக்கும். 75 சென்ட் என்றே வை. நிதானமாக அமுக்கினாலே நிமிடத்துக்கு எட்டு தடவை, மணிக்கு 480. அதாவது ஒரு மணி நேரத்தில் 360 டாலர் அந்த மெஷின் வழியாகச் சுற்றி வருகிறது. பத்தில் ஒரு பங்கை மெஷின் வைத்துக்கொண்டால் 36 டாலர் போச்சு. நடுநடுவே மணி அடித்து விளக்கு மின்னும்; 75 சென்ட் போட்டு 30 சென்ட் வந்தாலும் ஜெயித்த மாதிரியே பாட்டுப் பாடும். திரையின் கீழே ஓரமாக இருக்கும் கிரெடிட் எண்ணை மட்டும் பார்.

பிளாக்ஜாக் (கூட்டுத்தொகை 21-ஐ எட்டப் பார்க்கும் சீட்டாட்டம்) மேஜையில் உட்காரும் முன் பச்சைத் துணியில் அச்சடித்திருப்பதைப் படி. "3-க்கு 2" என்றிருந்தால் 10 டாலர் கட்டி பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழும்போது 15 வரும். "6-க்கு 5" என்றிருந்தால் 12 தான். மலிவான மேஜைகள் பெரும்பாலும் இரண்டாவது ரகம். துணி ஒன்றே, சீட்டு ஒன்றே, ஆனால் இந்த ஒரு மாற்றத்தால் சூதாட்டக் கூடத்தின் பங்கு கிட்டத்தட்ட 1.4 சதவீதம் கூடுகிறது. ரூலெட்டில், அதாவது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பந்தயம் கட்டும் ஆட்டத்தில், பச்சைக் கட்டத்தை எண்ணு. ஒரே பூஜ்யம் என்றால் கூடத்துக்கு 2.7 சதவீதம், இரண்டு என்றால் 5.26, மூன்று என்றால் 7.69. ஸ்ட்ரிப்பில் குறைந்த தொகை மேஜைகளில் மூன்று பூஜ்யச் சக்கரம் நிறைய வந்துவிட்டது. எண் பொருத்தம், "அடுத்தது கறுப்புதான்" போன்ற ஜோசியத்துக்கெல்லாம் சக்கரம் கட்டுப்படாது கண்ணு.

ஒரு நாளைக்கு 20 டாலர், ரொக்கமாக, தனிக் கவரில். கவர் காலியானால் அன்றைய ஆட்டம் முடிந்தது. கூடத்துக்குள் இருக்கும் ஏடிஎம்மில் எடுக்காதே, எடுக்கும் கட்டணமே சில இடங்களில் 10 டாலரைத் தொடும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குக் கொண்டுவரும் பானம் இலவசம், கொண்டுவரும் பெண்ணுக்கு ஒரு டாலர் டிப்ஸ் வைப்பது வழக்கம். ஜூஸ், காபி, தண்ணீரும் கேட்கலாம். மெஷினிலிருந்து வரும் சீட்டு பணம் மாதிரி. பாக்கெட்டில் போட்டு மறந்துவிடாதே, காலாவதி உண்டு.

இதை யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் அடிக்கோடு போட்டுக்கொள். எஃப்-1 மாணவர் விசாவில் முதல் ஐந்து காலண்டர் ஆண்டு வரை வருமான வரிக் கணக்கில் நீ வெளிநாட்டவர்தான். ஸ்லாட்டில் பெரிய ஜாக்பாட் அடித்தால் 30 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பிளாக்ஜாக், ரூலெட், பாக்கரா, கிராப்ஸ் இவற்றில் ஜெயித்ததற்கு அந்தப் பிடித்தம் கிடையாது. இன்னொன்று கஞ்சா. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 21 வயதானவர்களுக்குச் சட்டப்படி கடையிலேயே விற்கிறார்கள். ஆனால் மத்தியச் சட்டப்படி அது இன்னும் குற்றம், விசாவும் மத்திய அரசுடையது. குடியுரிமை இல்லாத நீங்கள் நாலு பேரும் அந்தக் கடைக்குள் வேடிக்கை பார்க்கக்கூடப் போகாதீர்கள். இதில் விளையாட்டே வேண்டாம்.

அசல் பாஸ்போர்ட் கூட இருக்கட்டும். 21 ஆனதற்குச் சான்று கேட்டால் காலேஜ் கார்டு செல்லாது. இந்திய லைசென்ஸை நம்பாதே.

சாப்பாடு. ஸ்ட்ரிப்பின் பெரிய பஃபேக்களில் தலைக்கு 60, 80 டாலர் ஆகிவிட்டது. "வேகாஸ் என்றால் மலிவு பஃபே" என்பது பழைய கதை. சைவத்துக்கு மெக்சிகன் ரைஸ் பவுல், பீட்சா துண்டு, ஃபுட் கோர்ட் என்று ஒப்பேற்றலாம். காஸ்மோபாலிட்டன் மூன்றாம் மாடியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பீட்சா கடை இருக்கிறது, இசைத்தட்டு அட்டைகள் மாட்டிய ஒரு சந்து வழியாகப் போக வேண்டும். பில்லில் 8.375 சதவீத விற்பனை வரி வரும், அது சரி. அதோடு "சி.என்.எஃப்." என்று 4, 5 சதவீதம் சில கடைகள் சேர்ப்பார்கள். அது வரி இல்லை, கடைக்காரர் தானாகப் போடுவது. கேட்டால் சில இடங்களில் எடுத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டில், ரொட்டி, பழம் எல்லாம் முதல் நாளே மருந்துக்கடையிலோ டார்கெட் என்ற பல்பொருள் கடையிலோ வாங்கிவிடு. அறையில் இருக்கும் மினிபாரைத் தொடாதே. பல ஹோட்டல்களில் அடியில் சென்சார் வைத்திருக்கிறார்கள். உன் பாலை வைக்க இடம் வேண்டுமென்று அவர்களுடைய பாட்டிலை நகர்த்தினாலே பில் ஏறிவிடும்.

காசில்லாமல் பார்க்கக் கிடைப்பவையே இரண்டு நாளுக்குப் போதும். பெலாஜியோ நீரூற்று மாலையில் அரை மணிக்கொரு முறை, இரவானால் கால் மணிக்கொரு முறை, நள்ளிரவு வரை. காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். அதே ஹோட்டலுக்குள் பூந்தோட்டம், டிசம்பரில் கிறிஸ்துமஸ் அலங்காரம் இருக்கும். வரவேற்பறைக் கூரையில் கண்ணாடிப் பூக்கள் ஏறக்குறைய 2,000. ஃபிளமிங்கோவின் பின்கட்டில் பூநாரைக் கூட்டம். ஸ்ஃபியர் உருண்டையின் வெளித்திரையை வெளியே நின்றே பார். உள்ளே டிக்கெட் உங்கள் பட்ஜெட்டுக்கு ஆகாது. ஃப்ரீமான்ட்டில் 1,375 அடி நீளத் திரைக்கூரை, மாலை ஆறிலிருந்து மணிக்கொரு காட்சி. பழைய யூடியூப் வீடியோ பார்த்து மிராஜ் எரிமலையைத் தேடிப் போகாதே. அந்த ஹோட்டல் 2024 ஜூலையில் மூடிவிட்டது. ட்ராபிகானாவையும் அதே வருடம் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

இறகு கட்டிய பெண்களும் பொம்மை வேஷக்காரர்களும் தோளில் கை போட்டுப் படம் எடுக்கச் சொல்வார்கள். படம் எடுத்தபிறகு தலைக்கு 20 டாலர் கேட்பார்கள். ஹோட்டல் நடையில் "இலவச ஷோ டிக்கெட்" என்று மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் டைம்ஷேர் (விடுமுறை வீட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் பங்கு) விற்பவர்கள், அரை நாளைத் தின்றுவிடுவார்கள். மேம்பாலத்தில் நின்று படம் பிடிக்காதே. 2024 முதல் அங்கே நிற்பதற்கே தடை.

ஒரு நாள் கார் எடுத்து ஊரைவிட்டு வெளியே போங்கள், அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. 25 வயதுக்குக் கீழ் என்றால் தினக் கூடுதல் கட்டணம் உண்டு. விமான நிலையத்தில் எடுத்தால் அங்கேயும் தனியாகப் போடுவார்கள், நகருக்குள் எடு. அன்றிரவே திருப்பிவிடு, பல ஹோட்டல்களில் பார்க்கிங்குக்கும் காசு. காலையில் ரெட் ராக் கேன்யன், ஸ்ட்ரிப்பிலிருந்து 17 மைல். காருக்கு 20 டாலர். அக்டோபர் முதல் மே வரை நேரச் சீட்டு முன்பதிவு இல்லாமல் காரை உள்ளே விட மாட்டார்கள். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் எடுக்க வேண்டும். மதியம் ஹூவர் அணை. 726 அடி உயரம், மேலே நடந்து போகக் காசில்லை. பாதி வழியில் அரிசோனா எல்லை தாண்டியதும் போனில் ஒரு மணி நேரம் குதிக்கும், காரைத் திருப்பும் நேரத்தைக் குழப்பிக்கொள்ளாதே. கிராண்ட் கேன்யனை இந்தப் பயணத்தில் விட்டுவிடு. தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பு காரில் நாலரை மணி நேரம். இரண்டரை மணி நேரத்தில் போகலாம் என்று விற்பது வேறு இடம், ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், கட்டணமும் வேறு.

ஆள் ஒன்றுக்குக் கணக்கு: அறை மூன்று இரவு 77, பஸ் 20, விமான நிலையம் போக வர 15, சாப்பாடு 120, கார் பங்கு 35, ஒரு ஷோ 80, கவர் 60. மொத்தம் 407. ஃபிளைட் தனி. குறைக்க வேண்டுமென்றால் ஷோவில் கை வை, சாப்பாட்டில் வேண்டாம்.

ரெட் ராக் நேரச் சீட்டு கிடைத்ததா என்று பார்த்துவிட்டுக் காரைப் போடு, மாற்றிச் செய்யாதே. பாலைவனம்தானே என்று மெல்லிசாக உடுத்திக்கொண்டு போய்விடாதே, டிசம்பர் இரவில் நாலு டிகிரிக்கு இறங்கும். அந்த நீல ஸ்வெட்டர் இன்னும் இருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா