தோட்டச் செயலமர்வுகளில் கை உயர்த்தியா முடிவெடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, மலையகத் தோட்டப் பகுதிகளுக்கும் சபை நிதியைச் செலவிட வழி பிறந்தது. தொண்டு நிறுவனங்களின் திட்டங்களும் வருகின்றன. எதற்குச் செலவிடுவது என்று மக்களைக் கேட்கச் செயலமர்வு வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதிகாரி பேசி, தோட்டத் தலைவர் பேசி, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றதும் கைகள் உயர்ந்தால் அது தலைவரின் முடிவே. கணவனும் கங்காணியும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொழுந்து பறிக்கும் பெண் கையைக் கீழே வைத்திருக்கமாட்டாள்.

முதலில் கேள்வியைச் சுருக்க வேண்டும். "தோட்டத்தை எப்படி முன்னேற்றலாம்?" என்று கேட்டால் வீடு முதல் சம்பளம் வரை எல்லாம் வரும். "இந்தத் தொகையில், ஆறு மாதத்துக்குள், இந்த டிவிசனில் எதைச் செய்வது?" என்று கேளுங்கள். கம்பனியின் அனுமதி தேவைப்படும் வேலைகள் எவை என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே விசாரித்து வர வேண்டும். மக்கள் தெரிவு செய்த பின் "காணி தரமுடியாது" என்று கேட்க நேர்ந்தால் அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

பேசுவதற்கு முன் எழுதுவதுதான் அடுத்த படி. டெல்பெக், வான் டி வென் என்ற ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்ட, குழுவாக முடிவெடுக்கும் முறையின் உயிர்நாடி இதுவே. ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழுக்கள், பெண்களுக்கும் இளைஞருக்கும் தனித்தனியாக. ஏழெட்டு நிமிடம் எவரும் பேசாமல், ஓர் அட்டைக்கு ஒரு யோசனை. எழுதத் தெரியாதவர் படம் வரையலாம், அல்லது தான் நம்பும் ஒருவரிடம் தனியே சொல்லி எழுதிக்கொள்ளலாம். பிறகு ஆளுக்கொரு யோசனையாகச் சுற்றி வாசிக்க வேண்டும். அதுவரை விமர்சனம் கூடாது. தலைவரும் அதிகாரியும் கடைசியில் பேசட்டும்.

அட்டைகளை ஒன்றுசேர்க்கும்போதுதான் பிழை அதிகம். பீலி (தண்ணீர்க் குழாய்) திருத்துவது, புதிய தாங்கி, ஊற்றுக்கு வேலி மூன்றையும் "தண்ணீர்" என்று கட்டிவிட்டால் அது நிச்சயம் வெல்லும். ஆனால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. ஒரே வேலையை மூன்று அட்டையாக விட்டால் வாக்கு பிரிந்து அது தோற்கும். எழுதியவர் ஒப்புக்கொண்டால் மட்டும் சேர்க்க வேண்டும்.

வாக்குக்குப் புளியங்கொட்டை போதும். யோசனைகளின் எண்ணிக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று: ஒன்பது யோசனைக்கு ஆளுக்கு 3. சுவரில் பொட்டு ஒட்டும் முறை பார்க்க அழகு, ஆனால் முதலில் ஒட்டியவர் பக்கம் மற்றவர்களும் சாய்வார்கள். படம் ஒட்டிய டின்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒவ்வொருவராக அனுப்புங்கள். முதல் இரண்டுக்கும் இடையே ஓரிரு கொட்டைதான் வித்தியாசம் என்றால் அவை இரண்டுக்கும் மட்டும் மறுபடி வாக்கு, இம்முறை ஆளுக்கு ஒரே கொட்டை.

வாக்கு மட்டும் போதாத இடமும் உண்டு. மேல் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) 60 குடும்பம், பணிய லயத்தில் 20 என்றால் பணிய லயம் எந்த நாளும் வெல்லாது. ஆகவே "தண்ணீருக்கு யார் அதிக தூரம் நடக்கிறார்கள்?", "மழைக்கு எந்தப் பாதை முதலில் அறுந்து போகிறது?" போன்ற அளவுகோல்களை யோசனை எழுதுவதற்கு முன்பே எல்லாருமாகச் சேர்ந்து வகுத்துக்கொள்ள வேண்டும். யோசனைகள் வந்த பின் வகுத்தால் ஆளுக்கொரு அளவுகோல் தன் லயத்துக்குத் தோதாக முளைக்கும்.

இத்தனைக்கும் இரண்டரை மணிநேரம் வேண்டும். வேலை நாளில் வைத்தால் பெண்களுக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போய்விடும், அதனால் வரமாட்டார்கள். ஞாயிறு காலையே நல்லது. சோற்றுப் பார்சல் வருவதற்கு முன் வாக்கு முடிந்திருக்க வேண்டும். வந்த பிறகு எதற்கும் சம்மதம் கிடைக்கும்.

இப்படிக்கு,
செயலமர்வு இணைப்பாளர்கள் சிலர்,
ஹட்டன்.