ஆண்டறிக்கை: கட்சர் கணவாய்க்கு முன்பே திரும்பிய பயணம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நடைகளும் இந்த ஆண்டு தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர்கள் பலரும் என்னிடம் விசாரித்தது காஷ்மீர் மலைநடைப் பயணத்தைப் பற்றித்தான் என்பதால் மீதி அறிக்கை முழுவதும் அதைப் பற்றியதே.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி ஆகஸ்டு மாதம் 12 பேர் சோனாமார்க்கிலிருந்து புறப்பட்டோம். நிச்னை கணவாயைத் தாண்டி விஷன்சர், கிருஷன்சர் ஏரிகளுக்குப் போய், அங்கிருந்து ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுள்ள கட்சர் கணவாயைக் கடந்து, கங்காபல் ஏரி வழியாக நாராநாக் கிராமத்தில் இறங்குவது திட்டம். கட்சரை நாங்கள் கடக்கவில்லை. விஷன்சரிலிருந்து வந்த வழியே திரும்பினோம். முடிவை எடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் காரணத்தைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

முதல் முகாம் ஏறத்தாழ 3,500 மீட்டரில். அன்றிரவே உறுப்பினர் ஒருவருக்குத் தலைவலி. பயணம் தன்னால் கெட்டுவிடக் கூடாது என்று அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் எங்களோடு நிச்னையையும் ஏறி இறங்கிவிட்டார். விஷன்சர் கரைக்கு வந்து சேர்ந்ததும் வாந்தி எடுத்தார்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் படித்த பாடம். ஆனால் விஷன்சரிலிருந்து சட்டென்று இறங்க வழியில்லை. 3,700 மீட்டரில் இருக்கும் அந்த ஏரிக்குப் பின்னால் நிச்னை, முன்னால் கட்சர். எங்கள் பாதையில் எந்தப் பக்கம் போனாலும் முதலில் 4,000 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். வரைபடத்தை எத்தனையோ முறை விரித்துப் பார்த்த எனக்கு இது அந்த மாலையில்தான் உறைத்தது.

தலைவலி நீங்கும்வரை அவர் ஒரு அடிகூட ஏறக் கூடாது, நிலைமை மோசமானால் இரவென்றும் பாராமல் மட்டக்குதிரையில் ஏற்றி நிச்னை வழியே கொண்டுபோய்விட வேண்டும் என்று வழிகாட்டி உறுதியாகச் சொன்னார். இரவு முழுவதும் முறைவைத்து அவருடைய கூடாரத்தில் விழித்திருந்தோம். மறுநாள் மற்றவர்கள் கிருஷன்சர் வரை போய் வந்தார்கள். அதன் கரையிலிருந்து கட்சருக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை, மலையில் கிழித்த கோடு போலத் தெளிவாகத் தெரிந்ததாம். ஒன்பது பேர் மட்டுமாவது போகலாமே என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் வழிகாட்டி ஒருவரே. குழுவைப் பிரித்தால் ஒரு பாதி அவரில்லாமல் நிற்கும்.

இரண்டாம் நாள் காலையில் நோயுற்றவர் தாமாகவே, "பசிக்கிறது" என்றார். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிக்குள் கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி லேசில் வேகாது. குக்கரில் வைத்துக் குழைய வடித்த கஞ்சியை, கிஷன்கங்கா ஆற்றுக்குப் பிறப்பிடமான அந்த ஓடைக்கரையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தார். அவர் தேறுவதற்குள் கையிருப்பாக வைத்திருந்த ஒரு நாளும் அதற்கு மேல் இன்னொரு நாளும் கழிந்திருந்தன. முன்னே போக உணவு போதாது. அவர் தெளிந்த பிறகு, சுமையில்லாமல் மெல்ல நடத்தி நிச்னை வழியே இறக்கினோம்.

அவர் மறைத்ததை யாரும் குறையாகப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். முதல் முகாமில் ஒவ்வொருவரையும் தனித்தனியே நாங்கள் விசாரிக்கவில்லை. அது செயலாளராகிய என் பிழை.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சோனாமார்க்கில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். கையிருப்பு நாள்களை இரண்டாக்கி, உணவையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். காலையும் மாலையும் தலைவலி, பசி, தூக்கம் குறித்து ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துவைக்க ஒரு நோட்டும் அதற்கென ஒரு பொறுப்பாளரும் வேண்டும். அந்தப் பொறுப்புக்கு, நோயுற்ற அந்த உறுப்பினரே தம் பெயரைக் கொடுத்திருக்கிறார். பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்